பெயர் ஒன்று, பை வேறு

பீஜிங்கில் 1993-ல் ஒரு வக்கீல் அலுவலகம் திறந்தார்கள். சீனத்தில் அதன் பெயர் ஜின் டு. ஆங்கிலத்தில் கிங் அண்ட் வுட் என்று பலகை வைத்தார்கள். கிங் என்று அங்கே யாரும் கிடையாது, வுட் என்றும் யாரும் கிடையாது. வெளிநாட்டுக் கட்சிக்காரர் நாக்கில் தடங்கல் இல்லாமல் புரளவேண்டும், அவ்வளவுதான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. 1980-ல் சீனா வகுத்த விதிகளின்படி வழக்கறிஞர் என்பவர் அரசாங்கத்தின் ஊழியர். தனியாட்கள் கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்தலாம் என்ற நிலை வந்து அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரசு ஆபீஸ் வாடை முழுக்கப் போகாத ஒரு தொழிலில், இல்லாத இரண்டு வெள்ளைக்காரர்களை வாசலில் நிறுத்தியது நல்ல தொழில் புத்தி.

இருபது ஆண்டு ஆவதற்குள் அந்த அலுவலகம் கடல் தாண்டியது. 2012 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மல்லெசன்ஸ் ஸ்டீபன் ஜாக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கிங் அண்ட் வுட் மல்லெசன்ஸ் ஆனது. அடுத்த ஆண்டு நவம்பரில் லண்டனின் எஸ்.ஜே. பெர்வின் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் ஆசியாவில் கிளை திறப்பதையே பார்த்துப் பழகிய எங்கள் தலைமுறைக்கு, ஆசியாவில் தலைமையிடம் வைத்த ஒரு நிறுவனம் லண்டனுக்குள் போனது பெரிய சேதி. உயர் நீதிமன்ற வளாகத்தில் டீ குடித்துக்கொண்டே இதைப் பெருமையாகப் பேசினோம். நமக்கு அதில் காலணா சம்பந்தம் இல்லை; ஆனாலும் பேசினோம்.

பெருமை மூன்று ஆண்டுகள் ஓடியது. 2017 ஜனவரியில் ஐரோப்பியப் பிரிவு நொடித்துப்போய் திவால் நிர்வாகிகள் கைக்குச் சென்றது. பிரிட்டனில் அதுவரை சரிந்த சட்ட நிறுவனங்களில் இதுதான் பெரியது என்று அப்போது எழுதினார்கள். கடன் ஏறியது, பங்குதாரர்கள் கையிலிருந்து முதல் போட வேண்டிய நேரத்தில் முக்கியமானவர்கள் சிலர் விலகினார்கள், அவர்கள் பின்னாலேயே கட்சிக்காரர்களும் போனார்கள். இதெல்லாம் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியதுதான். நான் யோசித்து நின்றது வேறொரு இடத்தில். வாசலில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருக்கும்போது, பீஜிங்கும் சிட்னியும் ஏன் லண்டனின் கடனை அடைக்கவில்லை?

அடைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஸ்விட்சர்லாந்துச் சட்டத்தில் வெரைன் என்று ஓர் ஏற்பாடு உண்டு, நம் ஊர்ச் சங்கம் மாதிரி. பல நாட்டு வக்கீல் நிறுவனங்கள் அதில் உறுப்பினராகச் சேரலாம். பெயர், முத்திரை, கம்ப்யூட்டர் ஏற்பாடு, விளம்பரம் எல்லாம் பொது. லாபமும் கடனும் அவரவருக்கு. ஒரே வாசல், ஒரே குலப்பெயர், உள்ளே போனால் உலை மட்டும் தனித்தனி என்று இருந்த பழைய பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிக்கு அது ஒரே குடும்பம். பசி வந்த அன்றைக்குத்தான் யார் உலையில் எவ்வளவு அரிசி என்பது தெரியும்.

வெரைன் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். நாட்டுக்கு நாடு வரிச் சட்டம் வேறு, தொழில் விதி வேறு, ஃபீஸ் அளவு வேறு. பீஜிங் வக்கீல் மணிக்கு வாங்குவதும் லண்டன் வக்கீல் மணிக்கு வாங்குவதும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பிரிக்கப் போனால் முதல் தீபாவளிக்கே அடிதடி. ஆகவே பை தனியாக இருப்பது நியாயம். அது தனி என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் பேச்சு. பெரிய பங்குதாரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒப்பந்தத்தை எழுதியவர்களே அவர்கள்தானே. பலகையைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கும், பலகையை நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவனுக்கும் அது எவ்வளவு தெரிந்திருக்கும்?

சீனாவிலேயே இன்னொரு கதை. டாசெங் என்று 1992-ல் தொடங்கிய பெரிய நிறுவனம். 2015-ல் டென்டன்ஸ் என்ற உலக நிறுவனத்துடன் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து 6,000-க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள். அப்போது எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது. இவர்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. தகவல் பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு, மூலதனக் கட்டுப்பாடு என்று சீன அரசு அடுத்தடுத்துக் கட்டளைகளை இறுக்கியது. சீனக் கட்சிக்காரரின் கோப்பு வெளிநாட்டுச் சர்வரில் இருக்கலாமா என்ற கேள்வி வந்துவிட்டால், ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் எப்படி இருப்பது? 2023 ஆகஸ்டில் டாசெங் தனியாக நிற்கும் என்று கட்சிக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று. முன்னுரிமை தரும் நண்பர்களாகத் தொடர்வோம் என்றார்கள். எட்டு ஆண்டு உறவு ஒரு கடிதத்தில் நாகரிகமாக முடிந்தது.

ஹாங்காங்கில் ஜான்சன் ஸ்டோக்ஸ் அண்ட் மாஸ்டர் என்று 1863-ல் தொடங்கிய நிறுவனம் ஒன்று உண்டு. அது 2008-ல் அமெரிக்காவின் மேயர் பிரவுனுடன் சேர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பெயர் தேய்ந்து வெறும் மூன்று எழுத்தாகி, பிறகு அதுவும் போயிற்று. 2024-ல் பிரிந்தார்கள். பிரிந்ததும் செய்த முதல் காரியம், 1863-ன் பெயரை எடுத்து மறுபடி வாசலில் மாட்டியது. நூற்றைம்பது வருஷப் பெயரை யாரும் விற்றுத் தீர்த்துவிடாமல் வைத்திருந்ததால் அது முடிந்தது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். சேருகிறபோது தன் பெயரைத் திரும்பக் கேட்கும் உரிமையைக் கைவிடாதவன் புத்திசாலி.

இனி சிங்கப்பூர்க்காரர்கள். ஆசியாவில் எல்லை தாண்டும் வக்கீல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இவர்கள் வழி. ராஜா அண்ட் டான் நிறுவனம் 2014-ல் தன் கூட்டமைப்பைத் தொடங்கியது. தாய்லாந்து, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, பிலிப்பைன்ஸ் என்று தென்கிழக்கு ஆசியா முழுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஜகார்த்தாவில் போய் நின்று பலகையைப் பார்த்தால் அங்கே இருப்பது அஸ்ஸெகாஃப் ஹம்ஸா. கோலாலம்பூரில் இருப்பது கிறிஸ்டோபர் அண்ட் லீ ஓங். இன்னொரு பழைய சிங்கப்பூர் நிறுவனமான ஆலன் அண்ட் கிலெட்ஹில், 1902-லிருந்து இருப்பது, கோலாலம்பூரில் ரஹ்மத் லிம் என்ற உள்ளூர்ப் பெயரோடுதான் சேர்ந்து நிற்கிறது. உள்ளூர்க்காரன் பெயர் முன்னால், வந்தவன் பின்னால்.

இது முழுக்கப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் அப்படி. இந்தோனேசியாவின் 2003-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், வெளிநாட்டு வக்கீல் அங்கே தொழில் நடத்துவதையும் அலுவலகம் திறப்பதையும் தடுக்கிறது. உள்ளூர் அலுவலகத்தில் வேலைக்கு வேண்டுமானால் இருக்கலாம். பிலிப்பைன்ஸில் அரசியல் சாசனமே தொழில்களைக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. தாய்லாந்திலும் வழக்கறிஞர் தொழில் தாய் மக்களுக்கு மட்டுமே. ஆகவே அடக்கம் பாதி, அடக்கியது பாதி. இருந்தும், கட்டாயத்தால் வந்த பழக்கம் சிலரிடம் குணமாகவே ஆகிவிடுகிறது. ஜகார்த்தாவில் நிலப் பதிவு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும், எந்த மாகாணத்தில் எந்த அனுமதி தனியாக வாங்க வேண்டும் என்பதெல்லாம் சிங்கப்பூரில் உட்கார்ந்து படித்தால் வராது. அதைத் தெரிந்தவனை முன்னால் விட்டுப் பின்னால் நிற்பது மரியாதையும்கூட, லாபமும்கூட.

ஜப்பானியர் வழி இன்னும் சாதுவானது. அவர்கள் புது ஊரில் கட்சிக்காரரைத் தேடிப் போவதில்லை. தன் கட்சிக்காரர் போன ஊருக்குப் பின்னாலேயே போவார்கள். கார் தொழிற்சாலை தாய்லாந்துக்குப் போனால் வக்கீலும் போவார். நாகஷிமா ஓனோ நிறுவனம் 2013-ல் சிங்கப்பூரிலும், அடுத்து பாங்காக்கிலும் ஹோ சி மின் நகரிலும் அலுவலகம் திறந்தது. மோரி ஹமாடா 2017-ல் பாங்காக்கின் சாண்ட்லர் அண்ட் தோங்-எக் நிறுவனத்தோடு இணைந்தது. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது அயுத்தயாவில் ஹோண்டா தொழிற்சாலை தண்ணீரில் மூழ்கியது, படம் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நாளில் காப்பீடு எவ்வளவு வரும், சரக்கு அனுப்பாததற்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா, வேலையாட்களுக்குச் சம்பளம் என்ன என்பதெல்லாம் தாய்ச் சட்டத்தின் கேள்விகள். பதில் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் டோக்கியோவில் இருக்கிறார். நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் புரிகிற மாதிரி சொல்லும் ஆள்தான் அங்கே நிஜமான வக்கீல். சட்டம் தெரிந்தவர் பாங்காக்கில் நிறைய. தலைமையகத்தின் கவலை தெரிந்தவர் குறைவு.

கொரியாவும் அப்படியே. வியட்நாமின் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் 2009-ல் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது; சோல் நகர நிறுவனங்கள் வியட்நாமில் அலுவலகம் வைத்தன. ஆனால் கொரியாவில் நம் ஊருக்கு வேண்டிய பாடம் வேறு. அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் வர்த்தக ஒப்பந்தம் போட்டபோது, தங்கள் வக்கீல் தொழிலையும் மூன்று கட்டமாகத் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். அந்நியர் வந்து விழுங்கிவிடுவார் என்று அங்கேயும் பயம் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. சில கொஞ்ச காலத்தில் மூடிக்கொண்டும் போயின. 1973-ல் தொடங்கிய கிம் அண்ட் சாங் இன்றும் அங்கே அசையாமல் பெரிய நிறுவனமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கொரிய கார்த் தொழிற்சாலைக்கும் அதன் துணைக் கம்பெனிகளுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் உண்டு. அப்படி ஒரு பட்டறை முதலாளி, நல்ல உழைப்பாளி, கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு ஒப்பந்தத்தை என்னிடம் எடுத்துவந்தார். தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம், மூன்று நடுவர்கள், ஆங்கிலத்தில் விசாரணை என்று போட்டிருந்தது. பாக்கி நின்றதோ சில லட்சம். மூன்று நடுவர்களின் ஃபீஸையும் விமானக் கட்டணத்தையும் ஓட்டல் செலவையும் கூட்டிப் போட்டுக் காட்டினேன். பாக்கியைவிட அது அதிகம். கடைசியில் எதிர்த்தரப்பு மேலாளரோடு போனில் பேசிப் பேசித்தான் ஒரு பகுதி வசூலானது. சிங்கப்பூர் நடுவர் மையம் நல்ல அமைப்பு, 1991-லிருந்து நடக்கிறது, இந்தியர்கள் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அங்கே வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளலாம். கோடிக் கணக்கில் தகராறு உள்ளவருக்கு அது வரம். பட்டறைக்காரருக்கு அந்த ஷரத்து அச்சடித்த காகிதம். தொகை இவ்வளவுக்குக் கீழே என்றால் சென்னையில் ஒரே நடுவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரியைக் கேட்டு வாங்க அவருக்கு அன்று ஒரு வக்கீல் இல்லை.

முன்பெல்லாம் இந்தத் தகராறுகள் லண்டனுக்குப் போகும். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் தகப்பனுக்கும் மகனுக்கும் நடந்த வழக்கு சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1930-களில் நூறு ஏக்கருக்கு மேல் ரப்பர் வைத்திருந்தால் தனிக் கட்டுப்பாடு. தகப்பனிடம் 99 ஏக்கர் இருந்தது. இன்னும் 40 ஏக்கர் வாங்கியதும், அதை மகன் பெயருக்கு மாற்றி எழுதினார். பணம் ஏதும் கைமாறவில்லை. பிறகு திரும்பக் கேட்டபோது மகன் தரவில்லை. வழக்கு மலாயாவில் தொடங்கி பிரிவி கவுன்சில் வரை போய், 1962-ல் டென்னிங் பிரபு தீர்ப்பெழுதினார்: அதிகாரிகளை ஏமாற்றுவதற்காக எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்க முடியாது, நிலம் மகனுக்கே. செட்டிநாட்டுக் குடும்பம், மலாயா நிலம், லண்டன் நீதிபதி. வீட்டுக்குள் ஒரே பை என்று நினைத்தவருக்குக் காகிதத்தில் இரண்டு பை இருந்தது, அதுதான் நிலைத்தது. இந்த ஒரு வழக்கை நான் என் ஜூனியர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மியான்மரைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 2011-க்குப் பிறகு அந்த நாடு திறந்தபோது சிங்கப்பூர், டோக்கியோ என்று எல்லோரும் யாங்கூனுக்கு ஓடினார்கள். புது முதலீட்டுச் சட்டம் 2016-ல் வந்தது, புதுக் கம்பெனிச் சட்டம் 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வெளியூர்க்காரருக்கு ஊர் திரும்ப விமானம் இருந்தது. உள்ளூர் வக்கீலுக்கு அது இல்லை.

இப்போது நம் வீட்டுக் கதவு. 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம், இங்கே தொழில் நடத்த இந்தியப் பார் கவுன்சிலின் கீழ் பதிவு செய்தவர்களுக்கே உரிமை என்கிறது. 1990-களில் மூன்று வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி தொடர்பு அலுவலகம் திறக்க அனுமதி கொடுத்தது. கோர்ட்டுக்கு வராமல் ஆலோசனை சொல்வதும் தொழில்தான், அந்த அனுமதி செல்லாது என்று 2009 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே. பாலாஜி வழக்கு. முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் எதிர் மனுதாரர்கள். 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு நடுவழி: இங்கே கடை போட முடியாது, தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல வந்து போகலாம், சர்வதேச நடுவர் விசாரணைக்கு வருவதைத் தடுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அதைப் பெரும்பாலும் ஏற்று, வந்து போவது எப்போதாவது இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்றது. 2023 மார்ச்சில் பார் கவுன்சிலே விதிகளை வெளியிட்டது. 2025 மே மாதம் திருத்தியது. நம்மவர்களை அவர்கள் நாட்டில் எப்படி விடுகிறார்களோ அப்படியே அவர்களை இங்கே விடுவோம். வெளிநாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம், நடுவர் விசாரணை மட்டும். கோர்ட் வாசல் கிடையாது. பதிவு செய்யாமல் வந்து போகிறவருக்குப் பன்னிரண்டு மாதத்தில் 60 நாள்.

சரி என்றுதான் என் எண்ணம். இத்தனை வருஷம் கதவைச் சாத்தி வைத்ததில் யாருக்கு நன்மை என்று கணக்குப் பார்த்தால், பம்பாயிலும் டெல்லியிலும் உள்ள நாலைந்து பெரிய அலுவலகங்களுக்கு. திண்டுக்கல் முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவருக்கு அதனால் வந்ததும் ஒன்றுமில்லை, இனிப் போகப்போவதும் ஒன்றுமில்லை. பெரியவர்கள் என்று சொன்னேனே, அவர்களும் நம் சட்டத்தாலேயே குட்டையாக இருந்தார்கள். பழைய கம்பெனிச் சட்டம் இருபது பேருக்கு மேல் பங்குதாரர் சேர விடவில்லை. 2008-ன் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் வந்த பிறகுதான் வளர வழி பிறந்தது. 1917-லிருந்து நடந்த அமர்சந்த் மங்கள்தாஸ், சகோதரர்களுக்குள் வழக்கு வந்து, சமரசத்தில் முடிந்து, 2015 மே மாதம் இரண்டு நிறுவனமானது. அதில் ஒன்றான சிரில் அமர்சந்த் இன்று சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. நம்மவர்களும் எல்லை தாண்டத் தொடங்கிவிட்டார்கள். போகிற இடத்தில் பரஸ்பரம் கேட்பவர்கள், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க முடியாது.

ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் வெளிநாட்டார் மேல் கோபப்படுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவன் வந்தால் நம் கெட்டிக்காரப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்கிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் இதே அளவில் ஒரு பரிந்துரை செய்தது. ஒரு தொழிலின் மூத்தவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடக் கோர்ட் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. சீனியர் பெயர் வக்காலத்தில் பெரிதாக இருக்கும். தூக்கமில்லாமல் குறிப்பு எழுதினவன் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. ஃபீஸ் முழுக்க ஒரே பைக்குள் போகும். லண்டன் நிறுவனத்தின் பை தனி என்று குறை சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று தெரியவில்லை.

இளம் வழக்கறிஞர்களே, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உங்களுக்கு அழைப்பு வரும். வெளிநாட்டு நிறுவனம் சென்னைக்கே வந்து அழைக்கும் நாளும் வரலாம். தாராளமாகப் போங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இன்று சந்தையில் நிறைய. மலாயோ ஜப்பானியமோ கொரியமோ ஒன்று கற்றுக்கொண்டு போங்கள், ஸ்ரீபெரும்புதூர் முதல் பாங்காக் வரை உங்களுக்கு வேலை இருக்கும். போன இடத்தில் உள்ளூர் வக்கீலை முன்னால் நிற்க விடுங்கள், அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்தின் பெயர் எத்தனை நாட்டில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதை அவர்களே முதல் நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். உங்கள் சம்பளம் எந்த நாட்டில் பதிவான, எந்தப் பெயருடைய நிறுவனத்தின் கணக்கிலிருந்து வருகிறது, அந்த நிறுவனம் நொடித்தால் மற்றவர்கள் பொறுப்பா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேராதீர்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பிரிவைப் பற்றிய ஷரத்துகள் உள்ள கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள், பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள்.